தட்டியது நீ, கேட்டது நான்

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஒன்பது வருடம் ஆகிறது. நீ போய்ச் சேர்ந்தே ஒரு வருடம் ஆகப்போகிறது. இனி நான் பேசி உனக்கு ஆவது ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு இதை இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன். ஆனால் இன்று காலை உன் மகள் வந்தாள்.

உன் தோல்பையைக் கொண்டுவந்திருந்தாள். பரணில் கிடந்ததாம். உள்ளே இருப்பவை அலுவலகக் காகிதங்களா, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் வந்ததாகச் சொன்னாள். என் மேசையில் வைத்துத் திறந்ததும் அந்த வாடை எழுந்தது. ஆஸ்பத்திரித் தரையும் கருகிய சர்க்கரையும் சேர்ந்தது போன்ற ஃபீனாலிக் பிசின் வாடை. நம் சட்டையில், தலைமுடியில், மதியச் சோற்றில்கூட இருந்த வாடை. "ராக்கெட்டுக்கு வேலை செய்யறாங்கன்னு ஊரே சொல்லுது. கிட்ட வந்தா கக்கூஸ் கழுவிட்டு வந்த மாதிரி இருக்கு" என்று உன் மனைவி நம் இருவரையும் வாசலிலேயே நிறுத்தி, கை கழுவத் தண்ணீர் ஊற்றுவாள்.

காகிதங்களில் முக்கியமாக ஒன்றுமில்லை. சொன்னேன். அவள் பையை மூடினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அப்பாவுக்கு எப்பலேர்ந்து காது கேக்காமப் போச்சு?"

"எதுக்கும்மா இப்ப?"

"எனக்கும் வந்துருமோன்னு பயமா இருக்கு. ஸ்ருதி கொஞ்சம் விலகினாலும், என் பாட்டு தப்பா, காதுதான் தப்பாக் கேக்குதான்னு தெரியல. அடுத்த மாசம் ரேடியோவுல குரல் தேர்வு. அம்மா போகவே வேண்டாங்கறாங்க. இது குடும்பத்துல வர்ற வியாதின்னு யாரோ சொல்லிட்டாங்க."

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். சாயா குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். வாடை மட்டும் அறையில் நின்றது.

கொச்சியில், இந்த மட்டாஞ்சேரியில் ராக்கெட்டுக்கான பொருள் உருவானது என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். தெற்கே, தலைமையிடத்தில் கட்டடம் எழும்பும் வரை தற்காலிகம் என்று சொல்லித்தான் நம்மை அந்தச் சுக்குக் கிடங்கில் கொண்டுவந்து போட்டார்கள். கட்டடம் எழும்பவே இல்லை. ராக்கெட்டின் அடியில் நெருப்பு பீறிட்டு வெளியேறும் வாய்க்கு உள்ளுறை செய்வது நம் வேலை. இரும்பு உருகி ஓடும் சூட்டில், அந்த உறை தன் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகக் கொடுத்து மிச்சத்தைக் காக்க வேண்டும். சிலிக்கா இழையில் நெய்த வெள்ளைத் துணியைப் பிசினில் முக்கி, உலர்த்தி, நாடாவாக வெட்டி, அச்சின்மேல் அடுக்கடுக்காகச் சுற்றி, அழுத்தத்தில் வைத்துச் சுட வேண்டும். செய்முறையைச் சொல்லித்தர எந்த நாடும் தயாராக இல்லை. பக்கத்துக் கிடங்கில் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்த பாத்தும்மா இத்தாவை நீதான் பேசி அழைத்துவந்தாய். சுருக்கம் விழாமல் துணி சுற்ற அவர் விரல்களுக்கு ஈடு கிடையாது.

ஆனாலும் அடுக்குகள் பிரிந்துகொண்டே இருந்தன. சுட்டு எடுத்ததும் வெளியே வழவழவென்று இருக்கும். அறுத்தால் உள்ளே கொப்புளம். ஏன் என்று கண்டுபிடித்தவன் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பிசின் இறுகும்போது அதுவே நீராவியை விடும். நம் ஊர் மழைக்காற்றில் துணி குடித்த ஈரமும் அதோடு சேரும். அது வெளியேறும் முன்பே நாம் முழு அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பாதிச் சூட்டில் நிறுத்தி, ஆவி போக விட்டு, பிறகுதான் அழுத்த வேண்டும். எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் என்று எட்டு மாதம் உட்கார்ந்து கணக்கிட்டேன். முதல் நல்ல உறை வெளியே வந்த அன்று நீ என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினாய். "சாரே, இறக்கி விடுங்க, அந்தாளு வாந்தி எடுப்பாரு" என்று இத்தா கத்தினார்.

கணக்கு என்னுடையது என்றால் காது உன்னுடையது. உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டும் கருவிக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். அதுவரைக்கும் நீ ஒரு வழி கண்டாய். வெள்ளி ரூபாய் ஒன்றால் உறையை வெளியிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தட்டுவாய். நல்ல இடம் கணீரென்னும். பிரிந்த இடம் மழுங்கும். உட்பக்கத்தை ஒட்டிய பிரிவு மட்டும், உறையின் கனத்தால், வெளியே தட்டுகிறவனுக்குக் கேட்காது. எனவே நான் உறையின் வாய்க்குள் காதை வைத்துக் கண்ணை மூடி நிற்பேன். பிழை கேட்டால் 'மதி' என்று, மலையாளத்தில் 'போதும்' என்று, சொல்ல வேண்டும். சொன்னால் நீ நிறுத்துவாய். இல்லையென்றால் வாய் திறக்கக் கூடாது. பேச்சு அடுத்த ஓசையைக் கெடுத்துவிடும். நான் சும்மா இருந்தால் சரி என்று அர்த்தம். இது நாம் இருவரும் நமக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். விதிப்புத்தகத்தில் இல்லை. படிவத்தில் சோதித்தவர் என்று ஒருவருக்குத்தான் இடம். அதில் நீ கையெழுத்துப் போடுவாய்.

பிறகு அந்த அறிக்கை வந்தது. நம் செய்முறையைத் தலைமையிடம் அச்சிட்டு அனுப்பியிருந்தது. பாதிச் சூட்டில் நிறுத்துவது, நேரம், அளவு, என் வரைபடம் எல்லாம் இருந்தன. மேலே உன் பெயர் மட்டும்.

"அவங்க ஒரு பேருதான் போடணும்னு சொன்னாங்கடா. அடுத்த அறிக்கையில உன் பேரைப் போட்டுருவோம், இதுக்கா மூஞ்சியத் தூக்குற?" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்பை இன்றும் நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனவனைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும் என்பார்கள். என்னால் ஆகாது.

அன்று பேச்சை நிறுத்தினேன். ஏழு மாதம். ஒரே கூரையின் கீழ், பத்தடி தள்ளி. பிசின் டின் வேண்டுமென்றால்கூட இத்தாதான் தூது. "அந்த சார் சொல்றாரு, இந்தப் பிசின் பழசாம். இந்த சார் என்ன பதில் சொல்றாரு? எனக்கு ரெண்டு ஆள் கூலி தரணும்" என்பார். இன்னொரு நாள், "எந்தா சாரே, நிக்காஹ் கழிஞ்ச மூணாம் நாள் பிணங்கின மாதிரி? ஒராளு கிழக்கே, ஒராளு மேற்கே!" என்றார். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. தட்டிப் பார்க்கும் வேலை மட்டும் தடையில்லாமல் நடந்தது. பேச்சு வேண்டாத வேலை அது ஒன்றுதானே.

அந்த நாளும் மழை. சோதனைத் தளத்துக்குப் போகவேண்டிய உறை மேசைமேல் இருந்தது. நீ தட்டினாய், நான் கண்ணை மூடிக்கொண்டேன். விளிம்பிலிருந்து நாலு விரற்கடை கீழே ஓசை மழுங்கியது. நனைந்த பலகையைத் தட்டியதுபோல ஒரே ஒரு தட்டு. சந்தேகம் என்றுகூடச் சொல்லமாட்டேன். தெளிவாகக் கேட்டது.

'மதி' என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அப்போது என்ன நினைத்தேன் என்பதை இத்தனை வருடமும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், ஏழு மாதத்துக்குப் பிறகு உன்னிடம் முதலில் வாய் திறந்தவன் நானாக ஆகிவிடுவேன் என்று நினைத்தேன். அவன் என்ன என்று கேட்கட்டும், அப்போது சொல்கிறேன் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தேன். நீ ரூபாயைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றாய். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை, வழக்கப்படி நீ கேட்கவேண்டியதும் இல்லை. நான் சும்மா இருந்தேன். நீ அடுத்த இடத்தைத் தட்டினாய். முடித்துக் கையெழுத்துப் போட்டாய்.

சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தேன். சாயங்காலம் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தந்தி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

அந்த உறையைப் பொருத்திய ராக்கெட் என்ஜினைத் தரையில் கட்டிவைத்துப் பற்றவைத்தபோது சில நொடிகளில் நெருப்பு உறையைத் துளைத்துப் பக்கவாட்டில் பாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் நம் கிடங்கை மூடுவதா வேண்டாமா என்ற பேச்சு வந்தது. விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்கள் தட்டிப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன் சார்."

"பிழை கேட்கவில்லையா?"

"எனக்குக் கேக்கல சார்."

"வேறு யாராவது உடன் இருந்தார்களா?"

நீ என் பக்கம் திரும்பவில்லை. "இல்ல சார். நான்தான்" என்றாய். இரண்டாவது முறையாக என் பெயரை விட்டுவிட்டாய். எனக்கு அது கோபமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை கசக்கிறது.

எர்ணாகுளத்தில் ஒரு டாக்டரிடம் உன்னை அனுப்பினார்கள். வலது காதில் கொஞ்சம் குறை என்று எழுதிக்கொடுத்தார். நாற்பதைத் தாண்டிய யாருக்கும் இருக்கிற குறை. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சோதித்தவரின் செவித்திறன் குறைவே காரணம் என்று கோப்பை மூடினார்கள். கிடங்கு தப்பியது. உன்னைப் பண்டகச் சாலைக்கு மாற்றினார்கள். நான் உன் நாற்காலிக்கு வந்தேன். செய்முறை இன்றும் உன் பெயரிலேயே வழங்குகிறது; பழியும் உன் பெயரிலேயே இருக்கிறது. இரண்டுமே உனக்கு உரியவை அல்ல.

ஆனால் நீ அதை நம்பிவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பஜார் மாடியறையில் குஜராத்திச் சேட்டுகளும் கொங்கணிகளும் இத்தாவின் தம்பியும் கூடி உட்கார்ந்திருக்க, நீ ஹார்மோனியம் வாசித்துப் பாடுவாய். அதை நிறுத்தினாய். ஹார்மோனியத்தை யாருக்கோ கொடுத்துவிட்டாய். வீட்டில் சத்தமாகப் பேச ஆரம்பித்தாய் என்று கேள்விப்பட்டேன்.

கடைசியாக உன்னைப் பார்த்தது எர்ணாகுளம் போகும் படகில். என்ஜின் இரைந்துகொண்டிருந்தது. நீயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "எப்படிடா இருக்க? சத்தமாச் சொல்லு" என்று கையைக் காதில் குவித்தாய். அப்போது பின்னால், எங்கோ கடைசிப் பெஞ்சில், யாருடைய வளையலோ கழன்று பலகையில் விழுந்தது. படகில் ஒருவரும் திரும்பவில்லை. நீ திரும்பினாய். பிறகு என்னைப் பார்த்து, "என்னமோ கேட்ட மாதிரி இருந்துச்சு. பிரமைடா. இப்பல்லாம் இப்படித்தான்" என்றாய்.

உன் காதுக்கு ஒன்றுமில்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். படகுத்துறை வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். உன் இதயம் நின்றுபோன செய்தி வந்தபோது நான் நினைத்தது அந்தப் படகைத்தான்.

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த அறிக்கையை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன், இன்றும் வயிறு எரிகிறது. அதோடு அந்த ஒரு தட்டின் ஓசையும் என்னிடம் இருக்கிறது. மேசை, கதவு, தண்ணீர்ப் பானை என்று எதைத் தொட்டாலும் தட்டிப் பார்த்துவிடுகிறேன். கை தானாகச் செய்கிறது. இரண்டையும் சுமந்து பழகிவிட்டேன். உன் மகள் எதையும் சுமக்கவேண்டிய அவசியமில்லை.

இதை உன் பெயருக்கு, உன் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். தபால்காரர் அவளிடம்தான் கொடுப்பார். அப்பாவின் காது கடைசி வரை நன்றாக இருந்தது, பிழை கேட்கும் இடத்தில் நின்றவன் வேறொருவன் என்று அவள் படிப்பாள். அந்த வேறொருவன் யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆகாது. காலையில் அவளிடம் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி அனுப்பியவன்தானே. என் பெயரைக் கீழே எழுதினால் தலைமையிடத்தில் கோப்பு மறுபடி திறக்கும், இந்த நாற்காலி போகும். அந்தப் பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. எழுதினால் அவள் எனக்கு ஒரு பதில் எழுதவேண்டியும் வரும், திட்டியோ, மன்னித்தோ. இரண்டையும் வாங்கிக்கொள்ளும் தைரியம் எனக்கில்லை.

தபால் எடுக்க இன்னும் அரைமணி இருக்கிறது. அவள் தேர்வுக்குப் போகட்டும். பெயர் போடாமலே பெட்டியில் போட்டுவிடப் போகிறேன்.