சனிக்கிழமை கையெழுத்துப் போடாதே

மாரண்டஹள்ளி
11.3.2025, செவ்வாய்

அன்பு மகள் கலைமணிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கறவை மாடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் மட்டும் காலையில் மடங்க மாட்டேன் என்கிறது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. உன் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேன், கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, ஆகையால் நன்றாக இருக்கிறேன் என்று நீ எழுதினாலும் நான் நம்பப் போவதில்லை. போனில் பேசாமல் எதற்குக் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதே நம் வீட்டுப் பழக்கம், பக்கத்தில் யாராவது உட்கார்ந்தே இருப்பார்கள். அதுவும் இல்லாமல் இதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை ராஜப்பண்ணன் மகன் மாதவராஜ் கொண்டு வரும் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போடாதே. உன் இருபத்தி நாலாயிரம் டாலரை அவன் காட்டும் ஃபண்டில் போடாதே. நீ முதலில் பார்த்து வைத்த இடத்திலேயே அந்தச் சேமிப்புக் கணக்கைத் திற. இதில் முக்கால்வாசித் தப்பு என்னுடையது, அதைத்தான் எழுதப் போகிறேன்.

பொங்கல் முடிந்த வாரம் நீ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். கனடாவில் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது, அதில் போட்ட காசு எவ்வளவு வளர்ந்தாலும் எடுக்கும்போது வரி கிடையாது, ஆனால் கணக்கு என்பது வெறும் பைதான், அதற்குள்ளே டெபாசிட் வைக்கிறோமா பங்கு வைக்கிறோமா என்பதும் யாரிடம் திறக்கிறோம் என்பதும் நம் பொறுப்பு என்று எனக்குப் பாடமே எடுத்தாய். களி கிளறிக்கொண்டே கேட்டேன், அடிப்பிடித்துவிட்டது, அப்பா அதையே சாப்பிட்டார். நாலு இடத்து விவரத்தை நோட்டில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்து, கணக்கு வைக்கக் காசு கேட்காத ஆன்லைன் கம்பெனி ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாய். அடுத்த வருஷம் செப்டம்பரில் மருந்தாளுநர் லைசென்ஸ் படிப்புக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், அதனால் பெரும்பகுதி ஒரு வருஷ டெபாசிட், மூவாயிரம் மட்டும் பல கம்பெனிப் பங்கும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்த ஃபண்டில், அதை வருஷக்கணக்கில் தொடப் போவதில்லை என்றாய். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நம் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர் சேமிப்பை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றினபோது நான் அந்தப் புது வங்கி மேனேஜரை உட்கார வைத்துக் கேட்ட கேள்விகள் உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஊரார் காசுக்கு அவ்வளவு கேட்டவள், பெற்ற பெண்ணின் காசுக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது. நம் கிணறு தை மாதமே அடி காட்டிவிட்டது. மேற்குக் கொல்லை ராஜப்பண்ணன் ஆழ்துளைப் போரிலிருந்துதான் நம் ஒன்றரை ஏக்கர் தக்காளிக்கும் தண்ணீர் வருகிறது, வாரத்துக்கு இரண்டு முறை விடுவார். அதற்கு நாம் காசு கொடுப்பதில்லை, அவரும் கேட்பதில்லை, இந்தப் பக்கம் அப்படிக் கேட்டால் கேட்டவருக்கே கௌரவக் குறைவு. அவர் வீட்டு விசேஷத்துக்கு முந்தின நாளே போய் நிற்பது, முதல் பறிப்பில் ஒரு கிரேட் பெட்டி தக்காளி கொண்டுபோய் வைப்பது, அவர் ஒன்று சொன்னால் தட்டாமல் இருப்பது, இப்படித்தான் ஓடுகிறது. மாசி பிறந்த வாரம் நீ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அவரும் வந்து உட்கார்ந்தார். அவர் மகன் மாதவராஜ் உன் ஊரிலேயே ஃபண்டும் இன்சூரன்ஸும் விற்கிற ஏஜென்ட் ஆகியிருப்பதைச் சொல்லி, ‘நம்ம வூட்டுப் பையன்தானே கண்ணு, வெளியாள் கிட்ட எதுக்குப் போடறே’ என்று உன்னைக் கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, எங்க பாப்பா மாதவராஜு கிட்டயே போட்டுடுவாங்கண்ணா என்று சொல்லிவிட்டேன். அப்பா கேட்க, வேலைக்கு வந்த குள்ளம்மாள் கேட்கச் சொன்னேன். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தது என்றால் அதுதான். மறுநாள் மூன்றாவது முறையும் தண்ணீர் வந்தது. கேட்காமலே வந்தது. அப்பா செடிக்குச் செடி போய்ப் பார்த்துச் சிரித்தார். எதற்காக வந்தது என்று எனக்குத் தெரியும் கலை, தெரிந்தும் அந்தத் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பினேன்.

நீ ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அந்த நோட்டைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. போன வியாழக்கிழமை மாதவராஜ் கொடுத்த ஃபண்டு விவரத்தை, பாரும்மா என்று மட்டும் எழுதி எனக்கு அனுப்பினாய். எனக்கு அந்த இங்கிலீஷ் எங்கே புரிகிறது. நம் குழுவுக்குக் கணக்கு எழுதும் மலர்விழியிடம் போனைக் கொடுத்தேன். அந்தப் பெண் விரலை வைத்து வரி வரியாகப் படித்தது. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டே முக்கால் அவர்கள் எடுத்துக்கொள்வார்களாம். உன் இருபத்தி நாலாயிரத்துக்கு நம் காசில் வருஷம் நாற்பதாயிரம் ரூபாய் ஆகிறது. பாலக்கோடு மண்டியில் நூற்றுக்குப் பத்து கமிஷன் பிடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு பறிப்புக்கும் திட்டுகிறோமே, அவர்களாவது சரக்கு விற்றால்தான் பிடிப்பார்கள். அதோடு முழுக்கப் பங்குச் சந்தையில் போகிற ஃபண்டாம், நீ ஃபீஸ் கட்டுகிற மாதம் அது இறங்கி இருந்தால் என்ன செய்வாய். இன்னொன்று, முழுப் பணத்தையும் இந்த வரியில்லாக் கணக்கில் போடலாம் என்று அவன் அதிலேயே குறித்திருக்கிறானாம். அதில் போடக்கூடிய வரம்பு உனக்கு நீ போய் இறங்கின 2023லிருந்துதான் சேரும், இதுவரை இருபதாயிரத்து ஐந்நூறுதான் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். மீதி மூவாயிரத்து ஐந்நூறு அதிகப்படி, மாதாமாதம் நூற்றுக்கு ஒன்று அபராதம் என்றும் நீதான் சொன்னாய். தெரிந்துகொண்டே ஏன் பேசாமல் இருந்தாய் என்று முதலில் உன் மேல் கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது, நீ எனக்காகப் பேசாமல் இருக்கிறாய் என்று.

அப்பாவிடம் சொன்னேன். இப்போதுதான் பூ, பிஞ்சு பிடிக்கட்டும், ஒரு மாதம் போனதும் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நாற்றுக்கும் உரத்துக்கும் எவ்வளவு காசு இறங்கியிருக்கிறது. ஆனால் சனிக்கிழமை நமக்காக ஒரு மாதம் காத்திருக்காது. இரண்டு நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, மாட்டுக்கு இரண்டு தரம் தவிடு வைத்தேன், பாலுக்குப் பதில் மோரில் டீத்தூள் போட்டேன். நேற்றுக் காலை யாரிடமும் சொல்லாமல் ராஜப்பண்ணன் கொல்லைக்கு நடந்தேன். மருந்தடிக்கும் டேங்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். பாப்பா வேற இடம் பார்த்திருக்கா, நான்தான் அவளைக் கேக்காம உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன், அந்த வாக்கத் திருப்பி எடுத்துக்கறேங்கண்ணா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் டேங்க்கைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. ‘பையனுக்கு மாசத்துக்கு இத்தனை ஆளு சேக்கணும்னு கணக்காம்மா, இல்லாட்டி வேலையில வெச்சிக்க மாட்டாங்களாம், வாடகை குடுக்க முடியலைன்னு அழுதான், அதான் கேட்டேன்’ என்றார். அவரும் பெற்றவர்தானே. டேங்க்கை மறுபடி கையில் எடுத்தபடி, ‘தண்ணிக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்லம்மா’ என்று அவராகவே சொன்னார். நான் தண்ணீர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இன்று செவ்வாய், புதிதாகச் சேர்ந்த அந்த மூன்றாவது முறைக்கான நாள். காலை ஆறு மணிக்கு வர வேண்டியது, இப்போது பதினொன்று ஆகிறது, மோட்டார் சத்தம் கேட்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது. மூன்றாவது முறை நின்றால் மேல் பாத்தியைக் காயவிட்டுக் கீழ்ப் பாத்தியைக் காப்பாற்றலாம் என்று அப்பா கணக்குப் போட்டுவிட்டார். வழக்கமான இரண்டும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது அந்தக் கணக்கில் இல்லை. நான் ராஜப்பண்ணனிடம் பேசினதை விடியற்காலையே அவரிடம் சொல்லிவிட்டேன், என்னைத் திட்டவில்லை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனார். இதற்காக நீ அங்கிருந்து பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. அப்படி அனுப்பினால் நான் நேற்று நடந்த நடை வீண்.

மாதவராஜ் மேல் கோபம் வைக்காதே. பக்கத்தில் வந்தால் ஒரு வேளைச் சோறு போடு, ஆனால் சோறு வேறு காசு வேறு. நீ திறக்கப் போகும் கம்பெனியிலும் எல்லாவற்றையும் நம்பிவிடாதே. அந்த டெபாசிட்டுக்கு அரசுக் காப்பீடு உண்டா, பிடிக்காமல் வேறு இடத்துக்கு மாற்றினால் எவ்வளவு பிடிப்பார்கள், காசு கேட்டால் எத்தனை நாளில் கைக்கு வரும், இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கு. டெபாசிட் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் முதிர்கிறதா என்று தேதியைச் சரிபார். நடுவில் ஏதாவது எடுத்தால் அதே வருஷம் திரும்பப் போட்டுவிடாதே, அடுத்த வருஷம்தான் வரம்பில் அந்த இடம் திரும்பக் கிடைக்கும் என்று நீ சொன்னதை நான் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். வரம்புக்கு மேல் இருக்கும் மூவாயிரத்து ஐந்நூறைச் சாதாரணக் கணக்கிலேயே விடு. அவசரத்துக்கு ஆகும்.

இங்கே மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது, காற்றடிக்காமல் இருந்தால் ஊறுகாய் போட்டு யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். மாரியம்மன் பண்டிகை வைகாசியில் என்று பேசிக்கொள்கிறார்கள். எண்ணெய் தேய்க்காமல் தலைக்குக் குளிக்காதே, குளிரில் காதை மூடு. அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ லைசென்ஸ் வாங்கி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பதை நானும் அப்பாவும் பார்க்க வேண்டும், அது போதும். ஒரே ஒரு வேலை மட்டும் மறக்காமல் செய். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே என்று நீ சும்மா இருந்துவிடாதே, அதுவும் என் சொல்லைக் கேட்ட மாதிரிதான் ஆகும். உனக்கு இருபத்தொன்பது வயது ஆகிறது, இதுவரை என்னிடம் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை, நல்ல பெண் என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன். அம்மா, உன் பேச்சுக்காக என் காசை நான் கொடுக்க மாட்டேன் என்று உன் கையால் ஒரு வரி எழுதி எனக்கு அனுப்பு. கோபமாகவே எழுது. அதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்கும்.

இப்படிக்கு
உன் அம்மா
மா. மணிமேகலை