வெளியே திறக்கும் கதவு

விருத்தாசலம்,
9.2.2025

அன்புத் தம்பி வளனுக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். இந்த வாடகை அறையில் என்னைத் தவிர ஆளில்லாததால் எல்லாரும் நலம் என்று எழுத வழியில்லை. ஓசூரில் நீயும் ரோசியும் பாப்பாவும் சுகம்தானே? போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று துண்டித்துவிடுகிறாய். வீட்டுப் பிளானில் கையெழுத்துப் போட்டு எப்படியும் கூரியரில் அனுப்ப வேண்டுமே, அதே உறையில் கடிதமும் வந்தால் பாதியில் துண்டிக்க மாட்டாய் என்று எழுதுகிறேன்.

இன்று பூசை முடிந்து நேரே பெண்ணாடம் ரோட்டு மனைக்குப் போனேன். மேஸ்திரி விருத்தகிரி பிளானைப் பார்த்துக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் காட்டினார். மனையின் நான்கு மூலையிலும் எங்கள் செராமிக் கம்பெனியில் கழித்துப் போட்ட பீங்கான் இன்சுலேட்டர்களைக் கொண்டுபோய் நட்டுவிட்டேன். வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. இனி எவனும் எல்லையை நகர்த்த முடியாது.

ஒவ்வொரு அறைக்குள்ளும் போய் நின்று பார்த்தேன். எல்லாம் கோழிக்கூண்டு மாதிரி இருந்தது. "கோடு போட்டா அப்பிடித்தான்க்கா தெரியும். செவுரு எழும்பினா வூடு பெருசாயிடும்" என்றார் மேஸ்திரி. எங்கள் பீங்கான் இதற்கு நேர்மாறு. ஈரத்தில் பெரிதாக இருக்கும், சூளையில் வைத்தால் சுருங்கிவிடும்.

ஹால், உங்கள் அறை, பாப்பா அறை, விருந்தாளி அறை, கார் நிறுத்தும் இடம். இன்னும் வாங்காத காருக்குக்கூட இடம் இருக்கிறது. என் கட்டில் எங்கே தம்பி? கம்மாபுரம் பக்கத்தில் நம் வீடு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது வந்த பணத்தில் இந்த மனையை இரண்டு பேர் பெயரிலும் வாங்கினோம். "நீ வேலைய விட்டப்புறம் எல்லாரும் ஒரே வூட்ல இருக்கலாம்க்கா" என்று சொன்னவன் நீ. மறந்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா ஆக்னஸ்

ஓசூர்,
17.2.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து வெட்கமாகப் போய்விட்டது. இன்ஜினியர் வாஸ்து வாஸ்து என்று சமையலறையை மூன்று முறை இடம் மாற்றியதில் விட்டுப்போய்விட்டது. உன்னை மறப்பேனா?

புதுப் பிளான் வைத்திருக்கிறேன். பின்பக்கம் பத்துக்குப் பத்தில் உனக்கு ஓர் அறை, தனிக் குளியலறையோடு. எனக்கு விருத்தாசலத்துக்கு மாற்றல் உறுதியாகிவிட்டது. அடுத்த ஜூனில் பாப்பாவை இந்தப் பள்ளியிலிருந்து மாற்றி அங்கே சேர்க்க வேண்டும். இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் நகராட்சியில் பிளானை வாங்கமாட்டார்களாம். உடனே போட்டு அனுப்பு.

உன் தம்பி,
வளன்

விருத்தாசலம்,
23.2.2025

அன்புத் தம்பிக்கு,

ஞாயிற்றுப் பூசைக்கே பிரசங்கம் முடிகிற நேரத்தில் போய்ச் சேருகிற நம் குடும்பத்துக்கு வாஸ்து வேறா? இருக்கட்டும்.

அறையைப் பார்த்ததும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். எதற்கும் மேஸ்திரியிடம் ஒரு தரம் காட்டலாம் என்று போனேன். அவர் மறுபடி கோடு போட்டார். கதவுக்கு விடும் இடத்தில் சுண்ணாம்பு போடமாட்டார்கள் அல்லவா? ஹாலிலிருந்து சமையலறைக்கு நடந்தேன். அங்கிருந்து என் அறைக்கு வழி தேடினேன். கோடு ஒரே நீளமாகப் போகிறது. சுற்றி வெளியே வந்து, பின்பக்கச் சந்தில் நுழைந்தால்தான் என் அறைக்கு வாசல்.

"வாடகைக்கு வுடப் போறீங்களாக்கா?" என்று மேஸ்திரி கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சமையலறைப் பக்கச் சுவரில் கதவு வர வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். மாற்றி அனுப்பு. அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா ஆக்னஸ்

ஓசூர்,
3.3.2025

அன்பு அக்காவுக்கு,

நீ எதையும் தப்பாகவே எடுத்துக்கொள்வதா? நீ காலை ஷிப்டுக்கு ஐந்து மணிக்கே கிளம்புகிறவள். வீட்டுக்குள் வழி வைத்தால் பாப்பா தூக்கம் கெடும். தனி வாசல் என்றால் உனக்கும் சுதந்திரம். என் ஆபீஸ் ஆட்கள் வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது உன்னைப் பார்க்க ஊர்க்காரர்கள் வருவார்கள். பழைய கதை எல்லாம் பேசுவீர்கள். இரண்டு பேருக்கும் சங்கடம் வேண்டாமே.

தவிர, நீ குறித்த இடத்தில் பில்லர் வருகிறது. கதவு வைக்கவே முடியாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

வளன்

விருத்தாசலம்,
9.3.2025

தம்பி வளனுக்கு,

பில்லர் எங்கே வருகிறது என்று மேஸ்திரியிடம் கேட்டேன். பிளானை விரித்து விரலை வைத்துக் காட்டினார். என் பென்சில் குறிக்கு ஆறடி தள்ளி இருக்கிறது. "ஒரு நாள் வேலைக்கா, நெலையக் கொண்டாந்து நிறுத்தினா முடிஞ்சிது" என்றார்.

முப்பது வருஷமாகச் சூளைக்கு முன்னால் நிற்கிறவள் நான். வெளியே வரும் சாமானில் விரிசல் இருந்தால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். உன் கடிதத்தைத் தட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. யாருக்கு நான் உள்ளே வரக்கூடாது? அதைச் சொல். சொல்லும்வரை கையெழுத்து இல்லை.

ஆக்னஸ்

ஓசூர்,
17.3.2025

அக்காவுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். ரோசிக்குப் பிடிக்கவில்லை. உன் கம்பெனி மூடிக் கிடந்த எட்டு மாதம் ஓசூரில் எங்களோடு நீ இருந்தபோது அவள் வைத்த குழம்பைத் திறந்து பார்த்து உப்புப் போடுவாய். அடுக்கிய பாத்திரத்தை எடுத்து வேறு மாதிரி அடுக்குவாய். அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது அவள்தான் ஒரே பிடியாக, அண்ணிக்குத் தனி வாசல் என்றால்தான் வருவேன் என்கிறாள். நான் நடுவில் மாட்டிக்கொண்டு என்ன செய்வேன்? உன்னிடம் நேரில் சொல்ல மனம் வராமல்தான் பிளானில் அப்படிப் போட்டேன். தயவுசெய்து கையெழுத்துப் போடு.

வளன்

விருத்தாசலம்,
30.3.2025

வளனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ரோசியை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். உப்புப் போட்டது உண்மைதான். பாத்திரத்தை மாற்றி அடுக்கியதும் உண்மைதான். இன்னொருத்தி சமையலறையில் அப்படிச் செய்திருக்கக் கூடாது. தவக்காலம் வேறு. வியாழக்கிழமை அவளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அதுக்காக என்னைச் சந்துல வெச்சிட்டியேம்மா" என்றும் சொல்லிவிட்டேன்.

"எந்தச் சந்து அண்ணி?" என்றாள்.

சொன்னேன். பாப்பாவை அந்தப் பக்கம் போகச் சொன்னாள். பிறகு, "நான் பிளானயே பாக்கல அண்ணி. அவரு டூட்டிக்குப் போயிட்டா தெரியாத ஊர்ல நான் யாரோட இருப்பேன்? நீங்க வூட்டோட இருப்பீங்கன்னுதான் வரவே ஒத்துக்கிட்டேன்" என்று அழுதாள். நான் போனை வைத்த பிறகு அழுதேன். உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆக, அந்தக் கதவை வெளியே திருப்பியது நீ. ஏன் என்றும் இப்போது புரிகிறது. பாப்பா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், என் பழைய பாவாடைத் துணியில் உனக்கு டிராயர் தைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியதை உன் மேனேஜரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், ரோசி சிரித்தாள். நீ தட்டோடு எழுந்து போய்விட்டாய். நான் பெருமையாகச் சொன்னேன். உனக்கு அது அவமானமாக இருந்திருக்கிறது. அன்றைக்கே "அக்கா, அதச் சொல்லாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செத்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

என்னை வெளியே வைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் வளன். ஒன்றும் அறியாத உன் பெண்டாட்டி தலையில் அதைப் போட்டாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உன் பிளானில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதச் சொல்லி, அதில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நாற்பதடி அகலத்தில் இருபத்தைந்து உனக்கு, பதினைந்து எனக்கு. பாப்பா ஓடியாடட்டும் என்று உனக்குப் பெரியதை விட்டிருக்கிறேன். இந்த ஊருக்கு வந்து பதிவு செய்துவிட்டு, இருபத்தைந்து அடிக்கு ஏற்றபடி பிளானை மாற்றிக்கொள். காருக்கு இடம் வராது.

நேற்று இரண்டு இன்சுலேட்டர்களைக் கொண்டுபோய் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று நம் இரண்டு பாகத்துக்கும் நடுவில் நட்டேன். மேஸ்திரி கயிறு பிடித்தார். நடுவில் சுவர் வேண்டாம் என்று ரோசி கெஞ்சுகிறாள். எழுப்பவில்லை. என் பக்கம் ஓர் அறையும் ஒரு சமையலறையும் கட்டிக்கொள்கிறேன். அதன் கதவு உங்கள் சமையலறையைப் பார்த்து இருக்கும். அதுவும் அவள் கேட்டதுதான்.

ரோசியும் பாப்பாவும் எந்த நேரமும் உள்ளே வரலாம். நீ வந்தால் கதவைத் தட்டு. நான் திறக்கும்வரை வெளியே நில்.

இப்படிக்கு,
மேரி ஆக்னஸ்