மூட்டைக்குப் பின்னால்

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மாடிக்குப் போய், போன மாதம் ஒட்டுக் கட்டிய அடீனியப் பூச்செடியின் பிளாஸ்டிக் சுற்றை அவிழ்த்தேன். பிடித்திருக்கிறது. அடிமரம் நம்மூர்ச் செடி, மேலே இருப்பது பாங்காக் விதையில் வளர்த்த செடியின் கிளை. வெட்டிய இடம் ஒரு கோடாக மட்டும் தெரிகிறது. யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. அத்தை முழங்கால் வலியோடு மாடி ஏற மாட்டார்கள்.

அதற்குள் கீழே கணவரின் பைக் ஹாரன். "ஏட்டி, சீக்கிரம் வா. கடைக்கு ஆபீசர் வாராராம்."

சேலையை மாற்றிக்கொண்டு பின்னால் ஏறினேன். வருஷத்தில் சில தடவை இது நடக்கும். பூச்சிமருந்து விற்கப் பட்டம் வேண்டும் என்று விதி வந்தபோது, வீட்டில் பட்டம் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். பி.எஸ்ஸி. வேதியியல். எங்கள் உர, மருந்துக் கடையின் உரிமம் என் பெயருக்கு மாறியது, சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் கடைச் சுவரேறியது. நான் வீட்டிலேயே இருந்தேன். ஆய்வு என்றால் மட்டும் என்னைக் கூட்டிப்போய்ச் சான்றிதழுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைப்பார்.

இன்றும் உட்கார்ந்தேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஆபீசர் கிளம்பியதும் அவர் எனக்கு ஆட்டோ பிடித்தார். நான் ஏறித் திரும்பிப் பார்ப்பதற்குள் நாற்காலியில் மருந்துப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

நவம்பர் 12, புதன்

மருந்துக் கம்பெனி வைத்த இலக்கை நம் கடை எட்டிவிட்டதாம். பரிசு: பொங்கல் கழிந்து பாங்காக் பயணம், டீலருக்கு ஒரு டிக்கெட். அவர் வரும்போதே புது ஷூவும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி வந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹாலில் இரண்டு தடவை நடந்தார். அத்தை சீரியலை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 13

பாங்காக். என் விதையெல்லாம் வருகிற ஊர்.

நவம்பர் 18, செவ்வாய்

கம்பெனிப் பையன் அருண்பாண்டியன் வீட்டுக்கே வந்தான். காபி குடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "மேடம், உங்க பாஸ்போர்ட் காப்பி வேணும்" என்றான்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கும்தான். உரிமம் யார் பெயரிலோ அவர்தான் டீலர், டிக்கெட் அவருக்குத்தான், கணவருக்குக்கூட மாற்ற முடியாது, வேண்டாமென்றால் தங்கக் காசு தருவோம் என்று அவன் விளக்கிவிட்டு, சூழ்நிலை புரிந்து சீக்கிரமே கிளம்பினான்.

கதவு சாத்தியதும் அவர் கேட்டார்: "பொம்பளைக்கு பாங்காக்ல என்ன வேலை?"

"ஆம்பளைக்கு என்ன வேலை?"

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அடுப்படியில் அத்தைக்குத் திடீரென்று இருமல். சிரிப்பை அடக்கினார்களோ?

நவம்பர் 19, புதன்

நியாயமா என்று யோசித்தேன். புதூர், கழுகுமலைப் பக்கமெல்லாம் வெயிலில் அலைந்து ஆள் பிடித்தது அவர். மூட்டை இறக்கியது, கடன் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது, எல்லாம் அவர். நான் ஒரு நாள் வெயிலில் நின்றதில்லை.

ஆனால் தினமும் கடையிலிருந்து போன் வருகிறதே. குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். "மக்காச்சோளம், குருத்துல ஓட்டை ஓட்டையா இருக்காம், என்ன குடுக்க?" நான் ஒரு கையில் கரண்டியோடு சொல்வேன். படைப்புழு, இன்ன மருந்து, டேங்குக்கு இவ்வளவு, சாயங்காலமாகக் குருத்துக்குள் இறங்குகிற மாதிரி அடிக்கச் சொல்லுங்கள். சில நாள் குழம்பு அடிப்பிடித்துவிடும். அதற்கும் பேச்சு வாங்குவேன்.

இது வேலை இல்லையா? இல்லையென்றால் ஏன் தினமும் கேட்கிறார்?

போவேன். முடிவு பண்ணியாச்சு.

நவம்பர் 24, திங்கள்

பாஸ்போர்ட்டுக்குப் படிப்புச் சான்று வேண்டும். மகள் வனிதா திருநெல்வேலி விடுதியில் இருந்தபடியே போனில் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள். "ஒரிஜினலக் கையில எடுத்துட்டுப் போம்மா" என்றாள். ஒரிஜினல் கடைச் சுவரில்.

எடுத்துத் தாருங்கள் என்று இரண்டு நாள் கேட்டேன். ஆணி துருப்பிடித்திருக்கிறது, ஏணி இல்லை, ஆள் இல்லை. இன்று நானே போனேன். மருந்துப் பெட்டிகளை இறக்கிவிட்டு, அந்த நாற்காலிமேல் ஏறி நின்று எடுத்தேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். சட்டம் இருந்த இடத்தில் பெயிண்ட் புதுசாக இருந்தது. சுற்றிலும் உரத்தூசி.

"செவுரு மொட்டையா இருக்கு" என்றார் அவர்.

நகல் எடுத்து ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். விதிக்கு அது போதும்.

டிசம்பர் 3

போலீஸ் விசாரணைக்கு ஏட்டு வந்தார். எதற்குப் போகிறீர்கள் என்றார். செடி பார்க்க என்றேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் "சுற்றுலா" என்று எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எழுதினால் சரியாகும்.

பாஸ்போர்ட் இன்று தபாலில் வந்தது. சந்தோஷத்தில் நானே அருண்பாண்டியனைக் கூப்பிட்டேன். அவன் தயங்கினான். "மேடம், நீங்க வரல, தங்கக் காசு போதும்னு சார் சொல்லிட்டாங்களே." எப்போது? போன வாரம்.

போன வாரம்! இந்த ஒரு வாரமும் என்னோடு உட்கார்ந்துதானே சாப்பிட்டார். நான் பெட்டி வாங்க வேண்டும் என்றபோது தலையாட்டினாரே. நான் வரலைன்னு இவர் எப்படிச் சொல்லலாம்? எனக்கு வாய் இல்லையா? எம் பேரு வேணும், எம் படிப்பு வேணும், நான் மட்டும் வேண்டாம் — அப்படித்தானே?

காசுக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று பையன் சொன்னான். அந்தக் கையெழுத்தும் என்னுடையதுதான். போட மாட்டேன்.

இன்னொன்றும் செய்ய மாட்டேன். இனிக் கடையிலிருந்து வரும் போனை எடுக்க மாட்டேன்.

டிசம்பர் 10

போன் அடித்துக்கொண்டே இருந்தது. செடிகளுக்கு மண் மாற்றினேன்.

டிசம்பர் 11

இன்றும்தான். குழம்பு அடிப்பிடிக்கவில்லை.

டிசம்பர் 13, சனி

புதூர்ப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி சங்கிலிப்பாண்டி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கடைக்கு வருஷக்கணக்காக வருகிறவர். நான் ஆய்வு நாளில் ஓரிரு தடவை பார்த்திருக்கிறேன். துண்டுக்குள் பருத்தி இலைகளைச் சுருட்டி வைத்திருந்தார். இலையெல்லாம் சிவந்திருந்தது, நரம்பு மட்டும் பச்சை.

கடையில் அண்ணாச்சி ஏதோ புழு மருந்தை எடுத்து வைத்தாராம். இவருக்கு நம்பிக்கை வரவில்லையாம். அது புழுவும் இல்லை, நோயும் இல்லை, மெக்னீசியம் சத்துக் குறைவு, மெக்னீசியம் சல்பேட் வாங்கித் தெளித்தால் போதும், செலவும் குறைவு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"கடையிலயே கேட்டிருக்கலாமே" என்றேன் — வேண்டுமென்றேதான்.

"எங்கன கேக்க தாயி? அண்ணாச்சி போனை எடுத்துக்கிட்டு உர மூட்டைக்குப் பின்னால போவாரு. வரும்போது டாக்டராட்டம் வருவாரு, பாதிப் பேச்சு இங்கிலீசு. நாலு நாளா போறாரு, போன மாதிரியே திரும்பி வாராரு. அப்பதான் நெனச்சேன், மூட்டைக்குப் பின்னால இருக்குறவுகளுக்கு மேலுக்குச் சொகமில்ல போலன்னு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். எல்லாருக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

"அண்ணாச்சியத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

போனில் அவருடைய தாழ்த்திய குரல். கடையில் கூட்டம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, இத்தனை வருஷமும்.

டிசம்பர் 14, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டுப் பிசையாமலே இருந்தார்.

"நான் ஊர் ஊரா அலைஞ்சு வித்தது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்கதான் வித்தீங்க. யாருகிட்ட கேட்டு வித்தீங்க?"

பிறகு, சங்கிலிப்பாண்டி வந்தாரா என்று கேட்டார். வந்தார் என்றேன். என்ன சொன்னார் என்றார்.

"மூட்டைக்குப் பின்னால யாரு இருக்கான்னு சொன்னாரு."

அவர் காது மடல் சிவந்ததைக் கல்யாணமான புதிதில் பார்த்தது. கோபமா வெட்கமா, தெரியவில்லை. முழுச் சோற்றையும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்தார். எழுந்து போகவில்லை, என் எதிரிலேயே பேசினார். "தம்பி, அந்தக் காசு வேண்டாம். மேடம் வாராங்க."

உள்ளேயிருந்து அத்தை குரல்: "ஏலே, நல்லதாப் போச்சு. நீ போனா என்னத்தையெல்லாமோ வாங்கிட்டு வருவ. அவ போனா எனக்கு முட்டுக்குத் தைலம் வாங்கிட்டு வருவா."

ஜெயித்த மாதிரி இல்லை. அதற்காக விட்டுக்கொடுக்கவும் தோன்றவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

அக்கா விஜி சாத்தூரிலிருந்து கூப்பிட்டாள். அத்தனை ஆம்பிளைகளோடு ஒற்றைப் பொம்பிளை, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றாள். நாலு பேருக்கும் சேர்த்தே தைலம் வாங்கி வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

பயணத் திட்டம் வந்தது. புதனும் வியாழனும் பட்டாயா கடற்கரை. பாங்காக்கின் பெரிய செடிச் சந்தை கூடுவதும் அதே புதனும் வியாழனும்தான். நான் பட்டாயாவுக்கு வரவில்லை, சந்தைக்குப் போகிறேன் என்று அருண்பாண்டியனிடம் சொல்லிவிட்டேன். "தனியாவா மேடம்?" என்றான். இந்தியா திரும்பும்போது செடி எதையும் கொண்டுவர முடியாது, அதற்கு ஆயிரம் காகிதம் வேண்டும். பரவாயில்லை. பார்க்கத்தான் போகிறேன். ஆள் உயர அடீனியம், யானைக்கால் மாதிரி அடி பருத்தது, படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வனிதா வந்திருக்கிறாள். மாடியில் நின்று அந்த ஒட்டுச் செடியைப் படம் எடுத்தாள். முதல் மொட்டு.

ஜனவரி 18, ஞாயிறு

நாளை சாயங்காலம் கிளம்புகிறோம். பெட்டி மூடியாகிவிட்டது. மூடும்போது பார்த்தேன், சேலைகளுக்கு மேலே அந்தக் கறுப்புக் கண்ணாடி. அவர்தான் வைத்திருக்க வேண்டும். கேட்கவில்லை. எடுத்து வெளியே வைக்கவும் இல்லை.

சாப்பிட்ட பிறகு மெல்லப் பேச்செடுத்தார். "இந்த நாலு நாளும் ஆளுக வந்தா நான் யாருகிட்ட கேக்க?" நிஜமான கவலை. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. வழக்கமாக வருகிற கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறேன், மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். எழுந்து போகும்போது, "நீ வந்ததும் சான்றிதழை மாட்டிருவோம். ஆணி அப்படியே கெடக்கு" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். பொய் இல்லை. ஆணி அப்படியே கிடக்கட்டும் என்றுதான் ஆட்டினேன்.

சனிக்கிழமை திரும்பிவிடுவேன். ஞாயிறு துணி துவைக்க. திங்கள் குடியரசு தினம், கடை விடுமுறை. செவ்வாய், 27. அன்று ஆய்வு கிடையாது, எந்த ஆபீசரும் வர மாட்டார். காலையில் செடிகளைப் பார்த்துவிட்டு, சமையலை முடித்து மூடிவைத்துவிட்டு, கடைக்கு நடந்தே போவேன். பைக் வந்து ஹாரன் அடிக்க வேண்டியதில்லை. பெட்டிகளை நானே இறக்கிவைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவேன். மறுநாளும் போவேன்.

சங்கிலிப்பாண்டி வந்தால் மூட்டைக்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.