துளைக்குக் கீழே ஒரு குழாய்

மார்ச் 4

பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம். கான்கிரீட் சுவரில் துளை போடும் வேலை. நான் டிரில் பிடிக்க, என் வீட்டுக்காரி துளைக்குக் கீழே தூசி உறிஞ்சும் வாக்குவம் குழாயைப் பிடித்து நின்றாள்.

“உங்க கை ஆடுது. தாலி கட்டும்போதும் இப்படித்தான் ஆடிச்சு.”

அடுத்த துளைக்குக் குறி போட்டேன்.

மார்ச் 9

அவளுக்கு இருமல். கேட்டால், “சும்மாதான்.”

மார்ச் 15

டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்தார். “நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா கான்கிரீட் தூசி உள்ள போனா தங்கிடும். துணி முகமூடி பத்தாது. இனிமே அவங்க தூசில நிக்கக் கூடாது.”

வீட்டுக்கு வந்ததும், “நாளையிலேர்ந்து நீ வராதே” என்றேன்.

“உங்க நுரையீரல் மட்டும் என்ன இரும்பா?”



மார்ச் 16

தனியாகப் போனேன். ஒரு கையில் டிரில், ஒரு கையில் குழாய். இரண்டும் கோணல்.

மார்ச் 20

கருவிக் கடைக்காரரை அழைத்து வந்து வாக்குவத்தைக் காட்டினேன். அதை ஓடவிட்டு, விளக்கை அணைத்து டார்ச் அடித்தார். வாக்குவம் பெட்டியின் பின்னாலிருந்து புகைபோலத் தூசி.

“இது வீடு கூட்டுற மெஷின்பா. பெரிய தூளைப் பிடிக்கும், நைஸ் தூசியைத் திருப்பித் துப்பிடும்.”

அந்தப் பின்பக்கம்தான் அவள் நிற்பாள். பெட்டியை அங்கே வைப்பது யார்? நான். கால் தடுக்கக் கூடாதே என்று — நல்லா வச்சேன் போ!

மார்ச் 22

எங்கள் கான்ட்ராக்டரும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். முகம் செத்துப்போனது. “இதையாய்யா எல்லாரும் மூச்சுல இழுத்துட்டு இருந்தோம்?” அங்கேயே நின்று கருவிக் கடைக்குப் போன் போட்டார்.

ஏப்ரல் 2

புது டிரில் இரண்டு வந்தன. முனையைச் சுற்றி ஒரு மூடி. துளையிலிருந்து எழும் தூசியை அங்கேயே உறிஞ்சி நைஸ் தூசியையும் பிடிக்கும் வடிகட்டிக்கு அனுப்பிவிடுகிறது. டார்ச் அடித்தும் புகை இல்லை. குழாய் பிடிக்க ஆள் வேண்டாம்.

வீட்டில் சொன்னேன்.

“ரெண்டா? இன்னொண்ணு யாருக்கு?”

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 12

இருமல் நின்று ஐந்தாறு நாளாகிறது. டாக்டரம்மாவிடம் புது மெஷினைப் பற்றி இவளே விளக்கினாள். முகத்தோடு ஒட்டும் நல்ல முகமூடி, மாதம் ஒரு பரிசோதனை — இரண்டு பேருக்கும். இருந்தால் இவள் வேலைக்குப் போகலாம் என்றார்.

ஏப்ரல் 30

லிஃப்ட் ஓடவில்லை. அவள் டிரில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் ஏறினாள். பெட்டியோடு நான் பின்னால். என் தங்கை போனில் என்ன சொன்னாள், இவள் என்ன கேட்டாள் என்று வழியெல்லாம் இவள் கதை. இருமவோ மூச்சு வாங்கவோ எந்தப் படியிலும் அவள் நிற்கவில்லை. ஐந்தாம் மாடிக்கு வந்தபோது கதை பாதியில்தான் இருந்தது.