கோபால் வேண்டாமென்ற பாட்டு

அன்பு மச்சான் கோபாலுக்கு,

என் ஆல்பம் போன வாரம் வெளிவந்துவிட்டது. ஒன்பது பாட்டு. தோட்டத்துக் கல்யாணங்களில் நம் பேண்டு போட்ட ஆட்டப் பாட்டெல்லாம் இதில் இல்லை. அறுபத்தாறு வயதில், கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததை நினைத்துப் பார்க்கிற பாட்டுகள். நீ வாசிக்க வேண்டிய பேஸ் கித்தாரை வேறொருவர் வாசித்தார். நன்றாகத்தான் வாசிக்கிறார்.

பத்தாவதாக உன் தம்பி ரவியைப் பற்றிய பாட்டையும் பதிவு செய்தேன். உனக்குக் கோபம் வரும், தெரியும்.

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி நீ ஓட்டிய லாரியிலிருந்து அவன் மழையில் வழுக்கி விழுந்து செத்த மறு வருடம் எழுதியது. முதல் தடவை பாடிக் காட்டியபோது நீ கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, "என் தம்பிய வெச்சுப் பாட்டுக் கட்டாத" என்றாய். அப்புறம் சாகும்வரை என்னோடு பேசவில்லை. உன் சாவுக்கு வந்தவன் உள்ளே வரத் தைரியமில்லாமல் ரோட்டிலேயே நின்றேன்.

கிளேபாங் ஸ்டூடியோவில் பதிவு செய்து கொடுத்த பெண், "அங்கிள், இந்த ஆல்பத்துலயே இதான் பெஸ்ட் லா. எடுத்துறாதீங்க" என்றாள். எனக்கும் ஆசைதான். ஆல்பம் வெளிவருமுன் உன் மனைவி கமலாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவள் இருக்கும் புலாவ் செபாங்குக்குப் பஸ் ஏறினேன்.

கமலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டாள்.

"நல்லா இருக்குண்ணே. மழை வருது, லாரி வருது, எங்க வீட்டுக்காரரு வர்றாரு. நீங்க எங்கண்ணே?"

அவளிடம் சொன்னேன். அன்றைக்குப் பிராக்டிஸுக்குப் போகும்போது, நனையக் கூடாதென்று என் கித்தாரை முன் சீட்டில் வைத்துவிட்டு, ரவியைக் குலை மேல் ஏறச் சொன்னது நான். தம்பியைக் குலை மேல் ஏற்றிக் கொன்றவன் என்று ஊரே உன்னை ஏசியபோது வாயை மூடிக்கொண்டு இருந்தவனும் நான்தான்.

"அவருக்குத் தெரியும்ணே. நீங்க ஏத்தி விட்டத சைட் கண்ணாடியில பாத்தாராம். இறங்குடான்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேனேன்னு அழுவாரு. நீங்களா ஒரு நாள் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு."

அத்தனை வருடமும் காத்திருந்தாயா மச்சான்? ஒரு தடவை என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா?

மறுநாளே அந்தப் பாட்டை எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு வருத்தம். காரணம் கேட்டாள், அது என் பாட்டு இல்லை என்றேன்.

அடுத்த மாதம் ரவிக்குத் திதி. கமலா வரச் சொல்லியிருக்கிறாள். உன்னை ஏசியவர்களில் பலர் அங்கே வருவார்கள். இந்த முறை ரோட்டில் நிற்க மாட்டேன். உள்ளே வந்து, அவர்கள் எல்லாருக்கும் முன்னால், ராகம் தாளம் எதுவும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ பேசாமல் போன பிறகும் உன் மச்சானாகவே இருக்கும்,
சந்திரன்