கதவுக்குப் பின்னால் குதிரை

20 ஆகஸ்ட் 1996, செவ்வாய்

எங்கள் ஓவியர் குழு இன்று காலை கூடி, கண்காட்சி அறையின் கதவு நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. காற்று வர வேண்டுமாம். திறந்த கதவு மறைப்பது ஒரே ஒரு படத்தைத்தான்: அந்தியூர்ச் சந்தையில் நான் வரைந்த குதிரை.

"உன்ற படம் எங்க இருந்தாலும் பேசுங் கண்ணு. எங்களதுக்குத்தான் வெளிச்சம் வேணும்" என்றான் செந்தில். நான்கு வருடமாக என் அறைத்தோழன். இப்படிப் புகழ்கிறவனிடம் எப்படி மறுப்பது? நானும் கை தூக்கினேன்.

மதியம் சென்னை ஓவியக்கூடக்காரர் வந்தார். அங்கே காட்சிக்கு வைக்க எங்களிடமிருந்து ஒரு படம் எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். நான் கதவைச் சாத்தப் போனேன். செந்தில் அதில் சாய்ந்து நின்றான்.

"ஏனுங்க சார், இவன் போடற டீயக் குடிச்சுப் பாருங்க. எங்க குரூப்புல இவனுக்குத்தானுங்க கைப்பக்குவம்."

டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது செந்திலின் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். டீ நன்றாக இருந்தது என்று வந்தவர் சொன்னார்.

அவர் போனதும், காற்று அதிகமாக அடிக்கிறதென்று செந்தில் கதவைச் சாத்தினான்.