உன் பஸ் நிற்கும் இடம்

தோழி,

இன்று காலை கூலிம் ஊரில் அந்த ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி பஸ் வந்து நின்றது. டீசல் நெடி தேநீர் வாசத்தோடு கலந்தது. ஷிப்ட் முடித்த பெண்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள். கடைக்காரர் பாய் என்னைப் பார்த்து, "உங்க கூட்டாளி பஸ் வந்துருச்சு" என்றார். நோய் உன்னைக் கொண்டுபோன பிறகும் பஸ் உன்னுடையதுதான். தேநீர் கசந்தது.

நாம் இருவரும் திகாம் பத்து ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள்; ஒன்றாகவே குற்றவியல் படித்தோம். தேர்வுகளில் நான்தான் முதல். இந்தத் தாமான் குடியிருப்புப் பகுதியில் வேலைமுடிந்து வரும் பெண்களின் தாலிச் சங்கிலிகள் பறிபோக, குடியிருப்பாளர்கள் நம்மைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். நான் முதலில் எழுந்தேன். தோட்டங்கள் விற்கப்பட்டது, பிழைக்க வந்த குடும்பங்கள் அக்கம்பக்கம் அறியாமல் வாழ்வது, பள்ளியைப் பாதியில் விட்ட பையன்கள் என்று விரிவாகப் பேசினேன். ஓர் அக்கா கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரிதாம்மா. நாளைக்கு நான் எப்படி வூட்டுக்கு நடந்து போறது?"

கையிலிருந்த குறிப்புகளைப் புரட்டினேன். நீ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். "எங்க நடந்துச்சுக்கா? அப்ப அங்க வேற யாரு இருந்தா?"

ஒவ்வொருவரிடமும் அதையே கேட்டாய். எல்லோரும் சொன்னது கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரே சந்து. பஸ் அங்கேதான் அவர்களை இறக்கிவிட்டது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் புதர்; மோட்டார் சைக்கிளில் வருபவன் எந்தப் பக்கமும் ஓடலாம், பார்க்க ஆளில்லை. "கள்ளனத் தேடுறதுக்கு முன்ன அவனுக்குத் தோதான இடத்தத் தேடணும்லா" என்பாய். பஸ்காரர்களிடம் நடையாய் நடந்து, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கடை வாசலுக்கு நிறுத்தத்தை மாற்றவைத்தாய். பறிப்பு நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

"வேற இடத்துக்குப் போவான்" என்றேன்.

"போவான். அதுக்குத்தான் நீ வேணும். இடத்த நான் பாத்தேன், ஆள நீ பாரு."

பின்னர் சங்கிலி பறித்ததற்காகப் போலீசில் பிடிபட்ட இளைஞனின் வீடு குருண் என்ற ஊரில் இருந்தது. அவன் விடுதலையானதும் இருவரும் போனோம். வேலைபோன நாளிலிருந்து அவன் யாரோடெல்லாம் சுற்றினான் என்று கேட்டறிந்தவள் நான். பல பட்டறைகளில் பேசி அவனுக்கு வேலை வாங்கித் தந்ததும் நான். அவன் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குக் காப்பி கொடுத்தார்.

உன் பாடையைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். தோளில் சுமந்துகொண்டே தேம்பினான். என் சாவுக்கு யார் இப்படி அழுவார்கள் என்று, உன்னை எடுத்துச் செல்லும் அந்த நேரத்திலும் நினைத்தேன்.

இப்போது கூட்டங்களுக்கு நான் தனியாகத்தான் போகிறேன். போன வாரம் குருணில், சங்கிலியைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க நடந்துச்சும்மா?" என்று கேட்டேன். அவள் மெல்லப் பேசத் தொடங்கினாள். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்தார். "முன்ன உங்ககூட வருமே, அந்தப் பொண்ணு மாதிரியே கேக்குறீங்கம்மா."

சிரித்துவைத்தேன். காரில் ஏறியதும் உன்மேல் கோபம் வந்தது. ஒருமுறையாவது உன்னைவிட நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான், அடுத்த கூட்டத்துக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.